தையல் டீச்சருக்கு நான் வரைந்து கொடுத்த பம்ப்

அந்தக் கடிதத்தில் எனக்கு விளங்காத சொற்கள் மூன்றே மூன்று. மெயின் சர்க்குலேட்டிங் பம்ப். தனித்தனியாகப் பார்த்தால் மூன்றுக்கும் அர்த்தம் தெரியும். சேர்த்துப் படித்தபோது அது எப்படிப்பட்ட பொருள், எவ்வளவு பெரியது, ஒரு மனிதன் அதன் பக்கத்தில் நின்று என்ன செய்வான் என்று எதுவும் பிடிபடவில்லை. கப்பல் கம்பெனி ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து அனுப்பிய ஒற்றைத் தாள் அது. மடித்து மடித்து மடிப்புகள் வெளுத்திருந்தன. கப்பல் மூழ்கியது, பயணிகள் அனைவரும் காப்பாற்றப்பட்டார்கள், உங்கள் கணவரை மட்டும் காணவில்லை, கடைசியாக அவர் இந்தப் பம்பின் அருகே காணப்பட்டார், இறந்திருக்க வேண்டும் என்று கருதுகிறோம். இதுதான் செய்தி. தையல் டீச்சர் அதை என் மேசை மேல் விரித்துவைத்துவிட்டு, ஓரங்கள் எழும்பாமல் இருக்க இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.

எழுபதுகளின் நடுவில் நான் ஆரணியில் ஒரு பெண்கள் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாகச் சேர்ந்திருந்தேன். எனக்குச் சொந்த ஊர் கலசப்பாக்கம் பக்கம். பள்ளிக்குப் பின்னால் நெசவுத் தெருக்கள். காலையில் முதல் பாடம் நடத்தும்போது தறிச் சத்தம் ஜன்னல் வழியாக வந்துகொண்டே இருக்கும். புதிதாக வந்தவர்கள் ஒரு மாதம் அதை மீறிக் கத்திப் பேசுவார்கள், பிறகு பழகிவிடும். தையல் டீச்சர் என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். உயரமாக, சற்று முன்குனிந்த நடையில், கழுத்தில் எப்போதும் அளவு நாடா தொங்க வருவார். அவருடைய கணவர் கிறிஸ்தவ நெசவுக் குடும்பம். தறிக்குழியில் உட்காரப் பிடிக்காமல் அரிசி ஆலையில் பாய்லர் வேலைக்குப் போனவர். அங்கிருந்து யாரோ சொல்லி மதராஸ் துறைமுகம், துறைமுகத்திலிருந்து கப்பல். எஞ்சின் அறையில் எண்ணெய் விடுகிற வேலை. வருடத்துக்கு ஒருமுறை இரண்டு மாத விடுப்பில் வருவார். ‘எங்கம்மா வயசு இருக்கும் அந்தக் கப்பலுக்கு’ என்று சிரித்துக்கொண்டே சொல்வாராம். வெள்ளைக்காரர் காலத்தில் கட்டிய பழைய நீராவிக் கப்பல். பினாங்கிலிருந்து சோப்பும் குடையும் கொண்டுவருவார். வேலையைப் பற்றி மட்டும் எதுவும் சொல்ல மாட்டார். கடிதங்களில் கூட, மழை பெய்ததா, அம்மாவுக்குக் கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்பதோடு சரி.

“அவரு நின்னுகினு இருந்த எடம் எப்டி இருக்கும்னே எனக்குத் தெரியாது டீச்சர்” என்றார் தையல் டீச்சர். “இது இன்னா பம்ப்பு, எங்க இருக்கும், அவரு எப்டி செத்தாரு. நீங்க சயின்ஸ் படிச்சவங்க. எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க.”

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. தெரியாது என்று சொல்வது ஒரு ஆசிரியைக்கு அவமானம் என்று நினைத்திருந்த வயது. ஒரு வாரம் பொறுங்கள், பார்த்துச் சொல்கிறேன் என்றேன். சனிக்கிழமை கண்ணமங்கலம் வழியாக பஸ் பிடித்து வேலூர் போனேன். அங்கே என் அண்ணன் வேலை பார்த்த கல்லூரியின் நூலகத்தில், பல வருடங்களாக யாரும் தொடாத ஓர் அலமாரியில், நீராவிக் கப்பல்களைப் பற்றிய தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்று கிடைத்தது. பெருங்கடல்களைக் கடந்த முதல் பயணிக் கப்பல்களின் காலத்துப் புத்தகம். பக்கத்தை விரித்தால் இரண்டு முழம் நீளத்துக்கு மடிப்பு மடிப்பாகத் திறக்கும் படங்கள். கப்பலை நெடுக்காக அறுத்து உள்ளே இருப்பதைக் காட்டியிருந்தார்கள். அன்று முழுவதும் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தேன். மறுநாளும் போனேன்.

விஷயம் சிக்கலானது இல்லை. கொதிகலனில் உண்டாகும் நீராவி எஞ்சினை ஓட்டிய பிறகு வீணாக வெளியே போய்விடக்கூடாது. நடுக்கடலில் நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? அதைக் குளிரவைத்து மறுபடி தண்ணீராக்கிக் கொதிகலனுக்கே அனுப்ப வேண்டும். அதற்கென்று ஒரு பெரிய இரும்புப் பெட்டி. அதற்குள் விரல் பருமனில் ஆயிரக்கணக்கான பித்தளைக் குழாய்கள். குழாய்களுக்குள் குளிர்ந்த கடல்நீர் ஓடிக்கொண்டே இருக்கும், வெளிப்பக்கம் நீராவி வந்து பட்டுத் தண்ணீராக வடியும். கடல்நீரை உறிஞ்சி அந்தக் குழாய்களுக்குள் தள்ளி, மறுபடி கப்பலின் பக்கவாட்டு ஓட்டை வழியாகக் கடலிலேயே கொட்டுவதுதான் இந்தப் பம்பின் வேலை. அது நின்றால் எஞ்சின் நிற்கும். கப்பலில் இருக்கும் பம்புகளிலேயே பெரியது அதுதான் என்று புத்தகம் சொன்னது. இன்னொன்றும் சொன்னது. கப்பலுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டால், ஒரு வால்வைத் திருப்பி, கடலிலிருந்து உறிஞ்சுவதற்குப் பதிலாக எஞ்சின் அறையின் தரையிலிருந்தே உறிஞ்சும்படி அதை மாற்றிவிடலாம். வேறு எந்தப் பம்பாலும் முடியாத வேகத்தில் உள்ளே வந்த தண்ணீரை அது வெளியே கொட்டும்.

திங்கட்கிழமை பள்ளி விட்டபின் தையல் வகுப்பறையில் உட்கார்ந்தோம். துணி வெட்டுவதற்கு முன் அளவு வரைந்து பார்க்கிற பழுப்புக் காகிதத்தை டீச்சர் மேசை முழுக்க விரித்தார். நான் பென்சிலால் வரைய வரைய, அவர் தையல் சாக்பீஸால் என் கோடுகள் மேலேயே அழுத்தி வரைந்துகொண்டு வந்தார். கொதிகலன், எஞ்சின், பித்தளைக் குழாய்ப் பெட்டி, பம்ப். ‘அவரு இங்க நின்னுகினு இருப்பாரா?’ என்று பம்பின் பக்கத்தில் விரல் வைத்துக் கேட்டார். ஆமாம் என்றேன். தண்ணீர் வந்திருந்தால் இந்த வால்வைத் திருப்பப் போயிருப்பார் என்றேன். அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வரும், கதவு எங்கே, வெளியே வர வழி எது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எஞ்சினுக்கும் கொதிகலனுக்கும் நடுவே இரும்புக் கதவு உண்டு, ஆபத்தென்றால் அதை மூடிவிடுவார்கள் என்று சொல்லும்போதே அவர் முகம் கறுத்துப்போனதைப் பார்த்தேன். அதைப் பார்த்த பிறகுதான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். ‘ஆனா பின்னாடி ஒரு சின்ன சுரங்கம் இருக்குங்க. அதோட முனையில நேரா மேல்தட்டுக்குப் போற ஏணி ஒண்ணு இருக்கு. கதவை மூடினாலும் அந்த வழியா ஏறிடலாம்.’

பொய் இல்லை. புத்தகத்தில் இருந்தது. கப்பலின் பின்பகுதியில், கப்பலைத் தள்ளுகிற விசிறிக்குப் போகும் நீண்ட இரும்புத் தண்டு ஓடுகிற சுரங்கத்தின் கடைசியில், ஒரு ஆள் மட்டும் நுழையக்கூடிய செங்குத்தான ஏணி. அதையும் வரைந்தேன். டீச்சர் சாக்பீஸை எடுத்து அந்த ஏணியின் ஒவ்வொரு படியையும் தனித்தனியாக வரைந்தார்.

மறுநாளே அவருடைய மாமியார் தங்கள் தெருவில் இருந்த எல்லாரிடமும் ஏணியைப் பற்றிச் சொல்லிவிட்டார். ஒரு வாரத்தில் நான் கடைக்குப் போகும்போது அடையாளம் தெரியாத பெண்கள் நிறுத்தி, கப்பலுக்கு அடியில் ஏணி இருக்காமே என்று கேட்டார்கள். காணவில்லை என்றுதானே எழுதியிருக்கிறது, செத்துவிட்டார் என்று எழுதவில்லையே என்று தையல் டீச்சர் சொல்லத் தொடங்கினார். ஏறி வந்திருப்பார். கடலில் குதித்திருப்பார். ஏதோ ஒரு படகு, ஏதோ ஒரு தீவு. தலையில் அடிபட்டு நினைவு தப்பி எங்காவது ஆஸ்பத்திரியில் கிடந்தால் யார் கடிதம் போடுவார்கள்? நான் ஒருமுறைகூட, அது வெறும் ஏணிதான் டீச்சர், எல்லாக் கப்பலிலும் இருக்கும் ஏணி என்று சொல்லவில்லை. ஆறுதலாக இருக்கிறார், இருக்கட்டும் என்று நினைத்தேன். சில மாதங்களில் தானாக அடங்கிவிடும் என்று நினைத்தேன்.

அடங்கவில்லை. பினாங்கு, சிங்கப்பூர், கொழும்பு, ரங்கூன் என்று துறைமுக ஊர்களின் ஆஸ்பத்திரிகளுக்கும் மாலுமிகள் தங்கும் விடுதிகளுக்கும் கடிதம் எழுதச் சொல்லிக் கேட்டார். அவருக்கு ஆங்கிலத்தில் எழுத வராது. நான்தான் எழுதினேன். உயரம் இவ்வளவு, இடது புருவத்தில் தழும்பு, தமிழும் கொஞ்சம் இந்துஸ்தானியும் பேசுவார். பதில்கள் வரும். எல்லாமே மரியாதையான பதில்கள், எல்லாமே இல்லை என்ற பதில்கள். ஒவ்வொன்றையும் நான் மொழிபெயர்த்துச் சொல்லும்போது அவர் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, ‘சரி, அங்க இல்ல’ என்பார். அங்கே இல்லை, அவ்வளவுதான். அடுத்த ஊரின் பெயரைச் சொல்வார். இப்படியே ஏழு வருடம்.

அந்த ஏழு வருடத்தில் சபையில் நினைவு ஆராதனை வைக்கலாம் என்று போதகர் இரண்டு முறை வந்து கேட்டார். இரண்டு முறையும் டீச்சர் காபி கொடுத்து அனுப்பிவிட்டார். கணவர் இறந்துவிட்டதாக ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடச் சொல்லி வந்த தாள்கள் டிரங்குப் பெட்டியின் அடியில் கிடந்தன. தாலியைக் கழற்றவில்லை, பூ வைப்பதை நிறுத்தவில்லை. கண்ணமங்கலத்தில் ஒரு சரித்திர ஆசிரியர், மனைவியை இழந்தவர், நல்ல மனிதர், பெரியவர்கள் மூலமாகப் பெண் கேட்டுப் பார்த்தார். டீச்சருக்கு அப்போது முப்பத்து நான்கு இருக்கும். அவரைப் பிடித்திருந்தது என்று எனக்குத் தெரியும். அவர் பள்ளிக்கு ஏதோ வேலையாக வந்திருந்த அன்று டீச்சர் ஊசியில் நூல் கோக்க முடியாமல் என்னிடம் கொடுத்தார். ஆனால் கேட்டவர்களிடம் அவர் சொன்னது ஒன்றுதான். “அவரு ஒரு நாள் வந்து வாசல்ல நின்னா நான் இன்னா பதில் சொல்றது?” அந்தச் சரித்திர ஆசிரியர் இரண்டு வருடம் காத்திருந்துவிட்டு வேறு இடத்தில் கல்யாணம் செய்துகொண்டார். மாமியார் ஐந்தாவது வருடம் இறந்தார், மகன் உயிரோடு இருக்கிறான் என்ற நம்பிக்கையோடு. அது ஒன்றுதான் என் வாக்கியத்தால் விளைந்த நன்மை என்று சில சமயம் எனக்கு நானே சொல்லிக்கொள்வதுண்டு.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை மதியம் டீச்சர் ஆள் அனுப்பி என்னை வீட்டுக்கு வரச் சொன்னார். கூடத்தில் ஒரு மனிதர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். வேலூர்க்காரர். அதே கப்பலில் கொதிகலனுக்குத் தீ பார்த்தவர். டீ ஆறிப்போய் ஏடு படிந்திருந்தது. டீச்சர் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, ‘இவங்களுக்கு அந்தப் பம்ப்பு பத்தி அல்லாம் தெரியும், நீங்க சொல்லுங்க’ என்றார். வந்தவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். கப்பல் கப்பலாக மாறிக்கொண்டிருந்ததால் வர முடியவில்லை என்றார். பிறகு அவரே, அது காரணம் இல்லை, வர தைரியம் இல்லை என்றார்.

அவர் சொன்னது இதுதான். கடலிலிருந்து பம்புக்கு வரும் பெரிய குழாய் துருப்பிடித்து இற்றுப்போய் உடைந்தது. அடைக்க வேண்டிய வால்வு அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் முழங்கால் அளவு தண்ணீர். டீச்சரின் கணவர் தரையிலிருந்து உறிஞ்சுகிற வால்வைத் திறந்துவிட்டார். பம்ப் தண்ணீரை வெளியே கொட்டத் தொடங்கியது. ஆனால் உறிஞ்சும் வாயில் எண்ணெய் துடைக்கிற கந்தல் வந்து வந்து அடைத்தது. ஒருவர் நின்று கையைத் தண்ணீருக்குள் விட்டு எடுத்துக்கொண்டே இருந்தால்தான் பம்ப் ஓடும். தலைமை எஞ்சினியர் எல்லாரையும் மேலே போகச் சொல்லிக் கத்தினார். கொதிகலன் பக்கத்துக் கதவை மூடிவிட்டார்கள்; உதவிக்கு ஓடிவந்திருந்த இவர் எஞ்சின் பக்கமே மாட்டிக்கொண்டார்.

“ஜல்தி வாப்பான்னு நான் கூப்ட்டேன். நீ போ, வரேன்னு கைய ஆட்னாரு. இடுப்பு வரிக்கும் தண்ணி. நாங்க படகுல எறங்கிப் பாத்தா, கப்பல் பக்கத்துல அந்த ஓட்டையில தண்ணி கொட்டிகினே இருந்துச்சு. கொட்டிகினு இருக்குதுன்னா உள்ள ஆளு இருக்குன்னு அர்த்தம். அதனாலதான் கப்பல் சாயாம நின்னு, பொம்பளைங்க, கொழந்தைங்க அத்தினி பேரும் எறங்க முடிஞ்சுது. பாய்லர்ல மிச்சம் இருந்த ஸ்டீம் தீர்ற வரிக்கும் ஓடுச்சும்மா. அப்புறம் நின்னுபோச்சு.”

டீச்சர் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் என்று கேட்டார். ஒரு மணி நேரம் இருக்கும் என்றார் அவர். பிறகு டீச்சர், நான் பயந்துகொண்டிருந்த கேள்வியைக் கேட்டார்.

“பின்னாடி சுரங்கத்துல ஒரு ஏணி இருக்குமே?”

வந்தவர் நிமிர்ந்து பார்த்தார். இந்த வீட்டில், இந்த ஊரில், அதைத் தெரிந்த ஒருவர் இருப்பார் என்று அவர் எதிர்பார்த்திருக்கவில்லை. “இருந்துச்சும்மா. அந்த சுரங்கத்து வாசல் அவரு நின்ன எடத்துல இருந்து பத்தடி.”

“மூடி இருந்துச்சா?”

“இல்லம்மா. தொறந்துதான் இருந்துச்சு. நான் அதுலதான் ஏறி வந்தேன்.”

ஏழு வருடமாக நாங்கள் தேடிக்கொண்டிருந்த, அந்த ஏணியில் ஏறி வந்த மனிதர் எங்கள் முன்னால் உட்கார்ந்திருந்தார். அவருக்கு இடது புருவத்தில் தழும்பு இல்லை, அவ்வளவுதான். அவர் அழுதார். டீச்சர் எழுந்து போய் அவருக்கு வேறு டீ போட்டுக்கொண்டு வந்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிடும் என்று அவரை வாசல் வரை கொண்டுபோய் விட்டார். அவர் கிளம்பும்போது, உங்கள் வீட்டுக்காரர் நூறு பேரைக் காப்பாற்றினார், அதை நினைத்து மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்று சொன்னார். டீச்சர் சரி என்றார்.

அடுத்த ஞாயிறு சபையில் நினைவு ஆராதனை நடந்தது. போதகர் தியாகத்தைப் பற்றிப் பேசினார். எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். டீச்சர் முதல் வரிசையில் வெறும் கழுத்தோடு உட்கார்ந்து, கையில் இருந்த பாட்டுப் புத்தகத்தின் கிழிந்த முதுகை நகத்தால் ஒட்டவைக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். தாள்களில் கையெழுத்துப் போட்டார். பள்ளிக்கு ஒழுங்காக வந்தார். என்னிடம் கோபம் காட்டவில்லை, பேச்சைக் குறைக்கவில்லை. அதன் பிறகு எந்த ஊருக்கும் கடிதம் எழுதச் சொல்லவில்லை, அது ஒன்றுதான் மாற்றம். அந்த வருடக் கடைசியில் தேவிகாபுரம் பக்கம் ஒரு பள்ளிக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

இப்போது எனக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. தையல் டீச்சர் இல்லை. ஓய்வு பெற்ற சில வருடங்களில் காலமானார். செய்தி எனக்கு நாள் கழித்துத்தான் வந்தது. நான் பாடம் நடத்திய பெண்களில் ஒருத்தி இன்று கப்பல் கம்பெனியில் வேலை பார்க்கும் மகனைப் பற்றிப் போனில் சொல்கிறாள். அவன் தினமும் வீடியோவில் வருகிறானாம், எஞ்சின் அறையைக்கூடத் திருப்பிக் காட்டுகிறானாம். கேட்டுக்கொள்கிறேன். எனக்குத் தோன்றுவதெல்லாம், டீச்சரை நான் கடைசியாகப் பார்த்த ஒரு பிற்பகல்தான்.

மாற்றலாகிப் போய் இரண்டு வருடம் கழித்து ஒருநாள் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றே ஆரணியிலிருந்து பஸ் ஏறிப் போனேன். வழி முழுக்க வாக்கியங்களைச் சேர்த்துக்கொண்டு போனேன். அவர் பிள்ளைகளுக்குப் பொத்தான் துளை தைக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். கண்ணாடி போட்டிருந்தார். முன்னைவிடக் கூன் விழுந்திருந்தது. பள்ளி விட்டதும் தன் அறைக்கு அழைத்துப்போய்ச் சோறு போட்டார். சாப்பிட்டு முடித்ததும், அந்த ஏணியைப் பற்றி நான் சொல்லியிருக்கக் கூடாது, என்னால்தான் உங்கள் ஏழு வருடம் போயிற்று என்றேன். சேர்த்துவைத்திருந்த மற்ற வாக்கியங்கள் எல்லாம் மறந்துவிட்டன.

அவர் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். “நீங்க பொய் சொல்லலியே டீச்சர். ஏணி இருந்துச்சு. அவருதான் ஏறல” என்றார். கடைசித் தட்டையும் வைத்துவிட்டு, “ஊரே சொல்லுது, நூறு பேர காப்பாத்தினாருன்னு. சரி. அந்த நூறு பேர்ல ஒருத்தர் பேரு எனக்குத் தெரியாது. நான் ஒருத்தி இருக்கறது அவருக்குத் தெரியும் இல்ல?” என்றார். குரல் உயரவில்லை. விலாசம் கேட்பது போலத்தான் கேட்டார். தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினார்.

பஸ் ஏற்றிவிடக் கூட வந்தார். ஆரணி பஸ் தாமதமாக வந்தது. நிறுத்தத்தில் வேர்க்கடலை மூட்டைகள் மேல் உட்கார்ந்திருந்தோம். நான் ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்ததும், அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். கண்டக்டர் விசில் ஊதிவிட்டார்.

“இடுப்பளவு தண்ணியில ஒரு மணி நேரம்னா டீச்சர், அது ரொம்ப நேரமா, கொஞ்ச நேரமா?”

முன்பு ஒருமுறை அவர் முகத்தைப் பார்த்து அவசரப்பட்டுப் பதில் சொன்னவள் நான். இந்த முறை வாயைத் திறக்கவில்லை. பஸ் நகர்ந்தது. அவர் நான்கு எட்டு கம்பியைப் பிடித்தபடியே கூட நடந்து வந்தார். பிறகு கையை விட்டார்.